ஹோர்ன் பிந்தி ஒலித்தலும் ஒலியாதிருத்தலும்

(பதுளைப் பகுதியில் தோட்ட லொறி, மரக்கறி லொறி, உழவு இயந்திரம் ஆகியவற்றைச் செலுத்துவோருக்கு)

ஊவா மலைநாட்டில் விளைபொருள் எதுவாயினும், அது விலைப்படுமுன்னர் வளைவுகள் நிறைந்த ஒரு வீதியைக் கடந்தே தீர வேண்டும். மடுவத்தில் நிறுவையான கொழுந்து லொறியேறித் தொழிற்சாலைக்குச் செல்கிறது. வெலிமடையின் உருளைக்கிழங்கும் கோவாவும் கெப்பட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தை நோக்கிச் செல்கின்றன. பசறை, லுணுகலைப் பக்கத்து மிளகு பதுளைக்கு வந்து சேருகிறது. ஒருபுறம் மலைச்சுவரும் மறுபுறம் பள்ளமுமாக அமைந்த இவ்வீதிகளில், எதிரே வருவது கண்ணுக்குப் புலப்படுமுன் காதுக்குப் புலப்பட வேண்டும். அப்புத்தளைப் பக்கத்தில் மூடுபனி இறங்கும் மாலை வேளைகளிற் கண்ணை நம்புவதற்கே இடமில்லை. ஆகையால் ஹோர்னைப் பழுதின்றி வைத்திருத்தல், பிறேக்கைப் பழுதின்றி வைத்திருத்தலுக்கு அடுத்தபடியான கடமையாகக் கொள்ளத்தக்கது.

முற்றாக ஊமையான ஹோர்னைக் காட்டிலும், பிந்தி ஒலிக்கும் ஹோர்ன் அபாயமானது. ஒலியாத ஹோர்னைச் சாரதி அறிவார். அறிந்து மெதுவாகச் செல்வார். முதல் முறை அழுத்த வாளாவிருந்து, இரண்டாம் முறை அழுத்த ஒலிக்கும் ஹோர்னையோ ‘எப்படியும் ஒலிக்கிறது’ என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவார். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் 8 மீற்றருக்குச் சற்று அதிகமான தூரம் ஓடுகிறது. எதிரே வருவதும் அதே வேகத்தில் வருமாயின், இரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் ஒரு செக்கனில் 16 மீற்றருக்கு மேற் குறைந்துவிடும். மலைப்பாதையின் பல வளைவுகளில் முன்னே தெரியும் தூரமே அவ்வளவு இராது. தோட்டப் பாதைகளிலோ எதிர்ப்படுவது வாகனம் மட்டுமன்று. கொழுந்துச் சாக்கைத் தலையிற் சுமந்து வரும் பெண்ணும், விறகுக் கட்டுடன் வருபவரும் சட்டென ஒதுங்க இயலாதவர்கள். பாடசாலை விட்டு இறங்கும் பிள்ளைகள் வீதி முழுவதையும் தமதாகக் கொண்டு நடப்பவர்கள். இவர்களுக்கு வேண்டியது உரத்த ஒலியன்று, உரிய வேளையில் வரும் ஒலி.

2021ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி, பசறை 13ஆம் மைல்கல்லுக்கு அண்மையில் பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீதியிற் சரிந்து கிடந்த பாறையொன்று வழியை ஒடுக்கியிருந்த இடத்தில், எதிரே வந்த வாகனத்தைக் கடக்கையில் அது நேர்ந்தது. அவ்விபத்துக்கும் ஹோர்னுக்கும் தொடர்பு கற்பித்தல் தகாது. இரு வாகனங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் இந்நாட்டுப் பகுதியில் எத்துணை ஒடுக்கமானது என்பதற்காகவே இங்கு அது குறிக்கப்படுகிறது.

ஹோர்ன் ஒலிக்கும் விதம்

ஆதியில் மோட்டார் வண்டிகளில் றப்பர்க் குமிழைக் கையாற் பிசைந்து ஊதும் குழல்களே இருந்தன. 1908ஆம் ஆண்டில் அமெரிக்கரான மில்லர் றீஸ் ஹட்சிசன் என்பார், உலோகத் தகடொன்றைப் பற்சக்கரத்தினால் அதிரச் செய்யும் ‘கிளாக்சன்’ என்னும் கருவிக்கு உரிமம் பெற்றார். 1921இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் மின்சார ஹோர்னை விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்று உழவு இயந்திரத்திலும் முச்சக்கர வண்டியிலும் காணப்படும் தட்டை ஹோர்ன், மின்காந்தத்தினால் தகட்டை அதிர்விக்கும் இவ்வகையைச் சேர்ந்ததே.

அதனுள்ளே கம்பிச் சுருளொன்றும், அதன் எதிரே மெல்லிய உருக்குத் தகடொன்றும், அத்தகட்டின் நடுவிற் பொருத்திய இரும்புத் துண்டொன்றும் உள. மின்னோட்டம் சுருளிற் பாய்ந்ததும் சுருள் காந்தமாகி இரும்புத் துண்டை இழுக்கிறது. தகடும் உடன் வளைகிறது. இரும்புத் துண்டு உள்ளே வந்ததும், அது ஒரு சோடித் தொடுகை முனைகளைத் தள்ளிப் பிரிக்கிறது. மின்னோட்டம் அறுகிறது, காந்தம் ஒழிகிறது, தகடு தன் நிலைக்கு மீள்கிறது, முனைகள் மறுபடியும் சேருகின்றன. இவ்விழுப்பும் விடுப்பும் ஒரு செக்கனில் 400 தடவை அளவில் நிகழ்வதே நாம் கேட்கும் ஒலி.

இதிலிருந்து பெறப்படும் ஓர் உண்மையை மனத்திற் கொண்டால், பழுது காண்பதிற் பாதி முடிந்தது. விளக்கானது மின்சாரம் குறைந்தால் மங்கலாகவேனும் எரியும். ஹோர்ன் அப்படியன்று. முனைகளைப் பிரிக்கும் அளவுக்குத் தகடு நகர்ந்தாலன்றி அதிர்வே தொடங்காது. மின்னோட்டம் சிறிது குறைந்தால் இரும்புத் துண்டு ‘டக்’ என்று ஒருமுறை இழுபட்டு அங்கேயே நின்றுவிடும். அந்நிலையிற் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பது தவறு. முனைகள் பிரியாமையால் மின்னோட்டம் இடையறாது சுருளில் ஓடி அதைச் சுடவைக்கும். பியூஸ் எரிந்தாலும் எரியும்.

பற்றரியிலிருந்து ஹோர்ன் வரை

மின்னோட்டம் பற்றரியின் நேர்முனையிலிருந்து புறப்பட்டு, பியூசைக் கடந்து, றிலேயின் தொடுகைகளைக் கடந்து, கம்பி வழியே ஹோர்னை அடைந்து, அதன் சுருளினூடு ஓடி, வாகனத்தின் இரும்புடல் வழியாகப் பற்றரியின் மறைமுனைக்குத் திரும்புகிறது. இவ்வுடல்வழியைச் சாரதிகள் ‘ஏர்த்’ என்பர். பெரும்பாலான வாகனங்களில் ஸ்டியறிங் பொத்தான் ஹோர்னை நேரே இயக்குவதில்லை. ஓர் அம்பியரின் ஐந்திலொரு பங்குக்கும் குறைந்த மின்னோட்டத்தால் றிலேயைத் தூண்டிவிடுவதே அதன் வேலை. றிலேயே ஹோர்னுக்கு வேண்டிய பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடுகிறது. பழைய உழவு இயந்திரங்கள் சிலவற்றில் றிலே இல்லை. ஹோர்னின் முழு மின்னோட்டமும் பொத்தான் வழியே செல்லும். அவற்றிற் பொத்தானே முதலில் தீய்ந்துபோகும்.

இவ்வழியில் எங்கேனும் துரு, பாசி, தளர்வு ஏற்படின் ஹோர்ன் தளரும். எவ்வளவு துரு வேண்டும்? மிகச் சிறிதே போதும். 12 வோல்ற்றுப் பற்றரியில் 4 அம்பியர் எடுக்கும் ஹோர்னொன்றைக் கொள்க. கணக்கின் பொருட்டு அதன் தடையை 3 ஓம் எனலாம். ஏர்த் இணைப்பொன்றிற் படிந்த துரு 1 ஓம் தடையை உண்டாக்கினால், மொத்தத் தடை 4 ஓம். மின்னோட்டம் 3 அம்பியர். ஹோர்னுக்குக் கிடைப்பது 9 வோல்ற்று. எஞ்சிய 3 வோல்ற்றையும் துருவே தின்றுவிடுகிறது. 9 வோல்ற்றில் ஒரு ஹோர்ன் கரகரக்கலாம், பிந்தலாம், வாளாவும் இருக்கலாம்.

பதுளைப் பகுதியில் இத்துருவுக்குக் குறைவில்லை. இங்கு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் சனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. ஹோர்ன் பெரும்பாலும் றேடியேற்றருக்கு முன்னே, சில்லு வாரியிறைக்கும் சேற்றுக்கு நேரே மாட்டப்பட்டிருக்கும். யூலை, ஓகத்து மாதங்களிற் காய்ந்த காற்றடிக்கையில் தோட்டப் பாதையின் செம்புழுதி அதே இடத்திற் படிந்து, அடுத்த மழையில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. 2025 நவம்பரில் டித்வா புயலும் மண்சரிவுகளும் பதுளை மாவட்டத்தைத் தாக்கிய வேளையிற் போன்று வெள்ளத்திலும் சகதியிலும் ஓட நேர்ந்த வாகனமாயின், ஹோர்ன் ஒலிக்கிறதாயினும் அதன் இணைப்புகளை ஒருமுறை கழற்றித் துடைத்தல் நன்று.

பழுதைத் தேடும் முறை

புதிய ஹோர்ன் வாங்குவதே பலர் முதலிற் செய்வது. அது கடைசியிற் செய்யத்தக்கது. ஹோர்ன் பிந்துகிறதென்று புதிது மாட்டிய லொறியொன்றைக் கொள்க. சில நாட்கள் நன்றாக ஒலிக்கிறது, மீண்டும் பிந்துகிறது. றிலேயை மாற்றுகிறார்கள், சில நாட்கள் தேறி, மறுபடியும் பிந்துகிறது. ஒவ்வொரு முறையும் பொருளை மாற்றுகையில் இணைப்பு முனைகள் சற்று உராய்ந்து துப்புரவானதே அச்சில நாட்தேற்றத்துக்குக் காரணம். பழுது ஏர்த்தில் இருந்திருக்கும். செலவோ கடையிற் போயிருக்கும்.

வேலை தொடங்குமுன் வாகனத்தைச் சமதரையில் நிறுத்திச் சில்லுக்குக் கட்டை வைத்தல் வேண்டும். மலைச்சரிவிலே கைப்பிறேக்கை மட்டும் நம்பி லொறியின் முன்னே குனிந்து நிற்றல் ஆகாது. கையிலுள்ள மோதிரம், உலோகக் கடிகார வார் ஆகியவற்றைக் கழற்றிவிடுக. பற்றரிக்கருகிற் சுருட்டும் பீடியும் கூடா. சார்ச்சாகும் பற்றரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயு வெளிவருகிறது.

முதலாவதாக, காதாற் கேட்டல். ஒருவர் பொத்தானை அழுத்த, மற்றவர் றிலேயின் அருகிலும் பின்னர் ஹோர்னின் அருகிலும் நின்று கவனிக்க வேண்டும். றிலேயில் ‘டிக்’ என்னும் ஒலி பிறவாவிடின், பொத்தானிலோ, அதன் கம்பியிலோ, றிலேயின் சுருளிலோ, பியூசிலோ பழுது உண்டு. றிலே ஒலித்து, ஹோர்ன் ‘டக்’ என்று ஒருமுறை மட்டும் தட்டினால், மின்சாரம் வருகிறது, ஆனாற் போதவில்லை. அல்லது ஹோர்னின் தொடுகை முனைகளின் அமைப்புத் தவறியிருக்கிறது. ஹோர்னில் எவ்வகைச் சத்தமும் இல்லையெனின், அதற்கு வரும் வழி அறுந்திருக்கலாம். எலி கம்பியைக் கடித்திருப்பது தோட்டக் கொட்டில்களில் அரிதன்று.

இரண்டாவதாக, எஞ்சின் நின்ற நிலையிலும் ஓடும் நிலையிலும் ஒலியை ஒப்பிடுக. ஓடும்போது மட்டும் நன்கு ஒலித்தாற் பற்றரியை நோக்க வேண்டும். சில மணிநேரம் ஓய்ந்திருந்த 12 வோல்ற்றுப் பற்றரியில் 12.6 வோல்ற்று இருப்பின் நிறைந்துள்ளது, 12.2 ஆயிற் பாதி. 12க்குக் கீழாயின் வற்றிவிட்டது. பற்றரி முனைகளில் வெண்பச்சையாகப் பூத்திருப்பதை, வெந்நீரிற் கரைத்த அப்பச்சோடாவால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, இறுக்கிப் பூட்டிய பின் மெல்லிதாக வசலின் பூசிவிடுக. சோடாநீர் பற்றரியின் அறைகளுள் ஒரு துளியும் புகலாகாது.

மூன்றாவதாகச் செய்யும் சோதனையே தீர்ப்பளிப்பது. ஹோர்னின் கம்பிகளைக் கழற்றி, 10 அம்பியர் பியூஸ் கோத்த தடித்த கம்பியொன்றைப் பற்றரியின் நேர்முனையிலிருந்தும், மற்றொன்றை மறைமுனையிலிருந்தும் ஹோர்னுக்கு நேரே கொண்டுவருக. பற்றரிப் பக்கத்து முனைகளை முதலிற் பூட்டி, இறுதித் தொடுகையை ஹோர்னண்டையிலேயே செய்தல் வேண்டும். பொறி பறந்தாலும் பற்றரியை விட்டு விலகிப் பறக்கும். இவ்வாறு தொட்டவுடன் ஹோர்ன் தயங்காது முழங்கினால் ஹோர்ன் குற்றமற்றது. பழுது வழியில் உள்ளது. தொட்டும் தயங்கினாற் குற்றம் ஹோர்னுடையது.

1950களிலும் 1960களிலும் வந்த பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. அத்தகைய பழைய வண்டி இன்னும் ஓடுமாயின், பற்றரியின் எம்முனை உடலுக்குச் செல்கிறதென முதலிற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விளக்கு ஏமாற்றுவது

மின்சாரம் வருகிறதா என்று பார்க்கச் சிறு குமிழ் விளக்கொன்றைக் கம்பியிற் கட்டித் தொட்டுப் பார்ப்பது எல்லாரிடமும் உள்ள வழக்கம். ‘விளக்குப் பளிச்சென எரிகிறது, ஆகவே கம்பியிற் குற்றமில்லை’ என்று முடிவு செய்வதில்தான் தவறு நேருகிறது. மேலே சொன்ன 1 ஓம் துருவையே கொள்க. 5 வாற்றுக் குமிழ் அரை அம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். அவ்வளவு சிறிய ஓட்டத்தைத் துரு தடுப்பதில்லை. குமிழுக்கு ஏறக்குறைய 11.6 வோல்ற்று கிடைத்து, அது குறையின்றி எரியும். அதே வழியில் 4 அம்பியர் கேட்கும் ஹோர்னோ பட்டினி கிடக்கும். ஒடுங்கிய வாய்க்காலில் ஒரு குடம் நீர் வருகிறதென்பதால் வயலுக்கு நீர் பாயுமென்று கமக்காரர் எவரும் கொள்வதில்லை.

ஆகையாற் சோதனைக்கு, பிறேக் விளக்கில் இடும் 21 வாற்றுக் குமிழே ஏற்றது. அதையும் ஹோர்னின் கம்பிகளைக் கழற்றாமல், ஹோர்னின் இரு முனைகளுக்கும் குறுக்கே பிடித்துப் பொத்தானை அழுத்திப் பார்த்தல் வேண்டும். ஹோர்ன் இழுக்கும் வேளையிற் குமிழ் மங்கினால் வழியில் எங்கோ தடையுண்டு. மல்ரிமீற்றர் வைத்திருப்போர், பொத்தானை அழுத்தியபடியே பற்றரியின் நேர்முனைக்கும் ஹோர்னின் நேர்முனைக்கும் இடையில் அளந்து பார்க்க. அரை வோல்ற்றுக்கு மேற் காட்டினால் அப்பக்கம் குற்றமுடையது. பின்னர் ஹோர்னின் உடலுக்கும் பற்றரியின் மறைமுனைக்கும் இடையில் அளக்க; அங்கு ஒரு வோல்ற்றின் ஐந்திலொரு பங்குக்கு மேல் இருத்தலாகாது.

திருத்த வேலை

ஏர்த் பழுதே மிகுதியாகக் காணப்படுவது. திருத்துவதற்கு எளிதானதும் அதுவே. ஹோர்னின் தாங்கியைக் கழற்றி, அது அமரும் இடத்திலுள்ள வர்ணத்தையும் துருவையும் வெள்ளிரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பல்வைத்த வளையமிட்டு இறுக்குக. பற்றரியிலிருந்து உடலுக்கும், உடலிலிருந்து எஞ்சினுக்கும் செல்லும் பின்னற் பட்டிகளையும் அவ்வாறே செய்தல் வேண்டும். எஞ்சினை இயக்குகையில் ஸ்டாட்டர் சோர்ந்து சுழல்வதும் ஹோர்ன் பிந்துவதும் ஒருங்கே காணப்படின், இப்பட்டிகளை ஐயுறுக. லொறியின் முன்பாகம் மீள வர்ணம் பூசப்பட்ட பின் ஹோர்ன் கெட்டதாயின் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. தாங்கிக்கு அடியில் வர்ணம் புகுந்திருக்கும்.

றிலே ஐயத்துக்குரியதாயின், அதை இருப்பிலிருந்து பிடுங்கி, இருப்பில் 30, 87 எனக் குறித்த துவாரங்களிரண்டையும் சிறு கம்பியால் இணைத்துப் பார்க்கலாம். ஹோர்ன் உடனே முழங்கினால், அவ்வழி செம்மையானது. குற்றம் றிலேயிலோ பொத்தானிலோ உள்ளது. அதே வாகனத்தில் விளக்குக்கோ வேறெதற்கோ உள்ள அதே வகை றிலேயை மாற்றிச் செருகி இரண்டில் எதுவெனத் தெளியலாம். மூடியுள்ள றிலேயைப் பிரித்துத் தீய்ந்த முனைகளை அராவுவது வீண் வேலை. புதிதின் விலை அற்பமே.

பொத்தானில் தூசியும் பழைய கிறீசும் இறுகியிருத்தல் பிந்துதலுக்கு மற்றொரு காரணம். அழுத்தியும் அழுத்தியும் இறுதியில் எங்கோ ஓரிடத்தில் உலோகம் உலோகத்தைத் தொட, ஹோர்ன் ஒலிக்கும். உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி ஆகியவற்றின் பொத்தான்களைப் பிரித்து, மின்தொடுகைகளுக்கென விற்கப்படும் தெளிதிரவத்தால் துடைக்கலாம். தேங்காயெண்ணெய் விடுவது பலர் வழக்கம். அன்றைக்குப் பலன் தெரியும், அடுத்த மாதம் அவ்வெண்ணெயிற் புழுதி பிசைந்து முன்னிலும் கேடாகும். ஸ்டியறிங் சில்லினுள் காற்றுப்பை உள்ள புதிய வாகனங்களில் அச்சில்லின் மூடியைச் சாரதி தாமே கழற்றுதல் கூடவே கூடாது. தவறித் தூண்டப்பட்டால் காற்றுப்பை வெடித்து விரிந்து முகத்தைச் சிதைக்கும். அவ்வேலை பயிற்சி பெற்றோருக்குரியது.

பியூஸ் எரிந்திருப்பின், அதே அளவுள்ளதையே மாற்றுக. செப்புக் கம்பியையோ சிகரெட் பெட்டியின் ஈயத்தாளையோ சுற்றிச் செருகினால், அடுத்த முறை எரிவது கம்பிச் சரமாகும். அதன் பின் லொறியுமாகும்.

இனி ஹோர்னைப் பற்றியது. முதலில் தாங்கியை நோக்குக. தட்டை ஹோர்ன் வளைந்து கொடுக்கும் தாங்கியில் தொங்க வேண்டும். அதன் உடல் றேடியேற்றர்ச் சட்டத்திலோ பம்பரிலோ முட்டினால், ஒலி கரகரத்து அடங்கும். சிலர் ஆடுகிறதென்று கம்பியால் வரிந்து கட்டி அதன் குரலை நெரித்துவிடுகிறார்கள். சங்கு போன்ற சுருள்வாய் உடையதாயின், வாய் சற்றுக் கீழ்நோக்கியிருத்தல் வேண்டும். மேல்நோக்கி மாட்டியது மழைநீருக்குக் கிண்ணமாகும். குளவி கட்டிய மண்கூடு அதனுட் காணப்படுவதும் உண்டு.

பெரும்பாலான ஹோர்ன்களின் முதுகில் ஒரு சிறு திருகாணி உண்டு. சிலவற்றில் அது மெழுகாலோ வர்ணத்தாலோ மூடியிருக்கும். தொடுகை முனைகள் தேயத் தேய, இதனால் அவற்றின் இடைவெளியைச் சரிசெய்யலாம். திருப்புமுன், அதன் பிளவு நிற்கும் திசையை வர்ணத்தாற் குறித்துவைத்தல் இன்றியமையாதது. ஒரு சுற்றின் எட்டிலொரு பங்கு திருப்புக. திருப்பிளியை எடுத்துவிட்டு ஒரு கணம் ஒலிப்பிக்க. கேட்டபின் அடுத்த எட்டிலொரு பங்கு. ஒலியைப் பிடித்துக்கொண்டே திருகலாகாது. ஒரு திசையில் அரைச்சுற்று வரை திருப்பியும் பயனில்லையெனிற் குறித்த இடத்துக்கு மீண்டு, மறுதிசையில் முயல்க. பழைய லூக்காஸ் போன்ற ஹோர்ன்களில், ஒலி நின்றுபோகும்வரை மெல்லத் திருப்பி, பின்னர் எதிர்த்திசையில் கால் முதல் அரைச் சுற்று வரை மீட்டு நிறுத்துதல் முறை. நடுவிலே பெரிய மரையும் அதனுள் பிளவுத் தண்டும் உள்ள வகைகளில் அந்நடுத்தண்டைத் தொடவே கூடாது. அது தகட்டுக்கும் காந்தத்துக்கும் உள்ள தூரத்தைத் தொழிற்சாலையில் அமைத்து முடித்த இடம்.

மூடியைத் திருகாணிகளாற் பூட்டிய பழைய வகையாயின், திறந்து முனைகளை மிக மெல்லிய உப்புத்தாளால் ஓரிருமுறை உராய்ந்து தூளைத் துடைத்துவிடலாம். ஆணியடித்து மூடிய இக்கால வகை உட்துருப்பிடித்தாற் பிரிப்பதிற் பயனில்லை, மாற்றுவதே வழி.

சில சிறப்பான நிலைகள்

தாத்தா, அசோக் லேலண்ட் முதலிய பெரிய லொறிகள் பல, இரண்டு பற்றரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ற்றில் இயங்குபவை. ‘டிமோ பட்டா’ போன்ற சிறு லொறிகள் 12 வோல்ற்று. கடையில் 12 வோல்ற்று ஹோர்ன் மலிவாகக் கிடைத்ததென்று அதைப் பெரிய லொறியில், இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி எடுத்து மாட்டுவோர் உளர். ஹோர்ன் ஒலிக்கும், ஆனால் ஒரு பற்றரி மட்டும் நாள்தோறும் வற்ற, மற்றது அளவுக்கு மீறிச் சார்ச்சாகி, இரண்டும் விரைவிற் கெடும். மிச்சம்பிடித்தது ஹோர்னில், இழந்தது பற்றரியில்.

இருசில்லு உழவு இயந்திரங்களிற் பற்றரியே இல்லாமல், எஞ்சினோடு சுழலும் மின்னாக்கியிலிருந்து நேராக விளக்கெரிவன உண்டு. அவ்விணைப்பில் ஹோர்னை மாட்டினால், எஞ்சின் விரைவாக ஓடும்போது நன்றாக ஒலித்து, வேகம் குறைத்ததும் தளர்ந்துவிடும். வளைவை அணுகுகையிற் சாரதி குறைப்பது எஞ்சின் வேகத்தையே. ஆகவே வேண்டிய இடத்தில் இது உதவாது. திருகாணி திருப்பியோ கம்பி மாற்றியோ இக்குறையைப் போக்க இயலாது. தகுந்த சீராக்கியுடன் சிறு பற்றரி பொருத்துதல் ஒரு வழி. அச்செலவு இயலாதவர்க்குப் பழைய றப்பர்க் குமிழ் ஊதுகுழலே போதும். பிசைந்தவுடன் ஒலிப்பது, பழுதுபட ஏதும் இல்லாதது. பழைமை என்று அதனை இகழ்வதற்குக் காரணம் எதுவுமில்லை.

காற்றாடும் ஹோர்ன்களில் பிந்துதலின் காரணம் வேறு. தனிச் சிறு பம்பியால் இயங்குவதாயின், பம்பி சுழன்று குழாயில் அழுத்தம் சேர நேரம் பிடிக்கும்; குழாய் நீண்டும் வெடித்தும் இருந்தால் இன்னும் பிந்தும். பம்பியைக் குழலுக்கு அருகிற் கொணர்ந்து குழாயைக் குறுக்குவதே மருந்து. பெரிய லொறிகளில், பிறேக்குக்குக் காற்றுத் தரும் தொட்டிகளிலிருந்தே ஹோர்னுக்கும் காற்று எடுக்கப்படுகிறது. இங்குப் பிந்துதல் தோன்றினால் அதை ஹோர்னின் குறையென்று மட்டும் கொள்ளாது உடனே நோக்க வேண்டும். சவர்க்காரநீரைக் குழாய் மூட்டுகளிற் பூசிக் குமிழி எழுகிறதா எனப் பார்க்க. எழுந்தால் அங்கே கசிவது பிறேக்குக்குரிய காற்று. அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் வீதியில் அக்கசிவின் விலை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கசிவு இல்லையாயின், மலைக்குளிரில் தொட்டியிற் சேர்ந்த நீர் வால்வுக்குட் சென்று துருவை உண்டாக்கியிருக்கும். தொட்டியின் அடிவாயை நாள்தோறும் திறந்து நீரை வெளியேற்றும் லொறிகளில் இப்பழுதைக் காண்பது அருமை.

ஒலி குறைந்ததென்று மேன்மேலும் பெரிய குழல்களை மாட்டுதல் திருத்தமாகாது. வாகன ஹோர்ன்களின் ஒலியளவுக்கு எல்லை குறிக்கும் ஒழுங்குவிதிகள் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2011ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. மேலும், மலைச்சுவர்களுக்கிடையே மிகப் பெரிய ஒலி எதிரொலித்து, எத்திசையிலிருந்து வருகிறதென்று அறியாமற் கேட்போரை மயக்கும். வளைவுக்குச் சற்று முன்னரே, தெளிவாக, ஒருமுறை. மறுமொழி கேட்கும் பொருட்டுச் சிறிது மௌனம். சன்னலைச் சிறிதளவு திறந்து வைத்தாலன்றி அம்மறுமொழி காதில் விழாது.

திருத்தம் முடிந்ததும், எஞ்சினை நிறுத்தி ஒருமுறையும் ஓடவிட்டு ஒருமுறையும் ஒலிப்பிக்க. பின்னர் முன்விளக்குகள், கண்ணாடி துடைப்பான் யாவற்றையும் இயக்கி, ஸ்டியறிங்கை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் பத்துத் தடவை சுருக்கமாக அழுத்திப் பார்க்க. பத்தில் ஒன்று தவறினாலும் வேலை முடியவில்லை. மறுநாட் காலை, பனியில் நனைந்து குளிர்ந்திருக்கும் வாகனத்தில், பிரட்டுக்குமுன் இதே சோதனையை இன்னொருமுறை செய்தல் வேண்டும்.